கிறிஸ்மஸ் விடுமுறையில் பதின்ம வயதுப் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளியில்தான் படிக்கிறார்கள். டிசம்பர் பிறந்தால் போதும், ஆலய வாசலிலும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) மேசையிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) அதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் கேட்டதற்கு ‘நீ’ என்றும், பெற்றோர் கேட்டதற்கு ‘நீங்கள்’ என்றும் பதில் சொல்லியிருக்கிறேன். யார் எதைக் கேட்டார்கள் என்று ஆராய வேண்டாம்.

படிக்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். டிசம்பர், பிள்ளைக்கு ஆண்டிலேயே வேலை குறைந்த மாதம். வீட்டுக்கோ ஆண்டிலேயே வேலை கூடிய மாதம். கீழே வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒரே கூரையின்கீழ் மோதிக்கொள்வதால் வருபவை.

விடுமுறை எப்போதுதான்? ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறிக்கொண்டே இருக்கிறதே!

கொரோனாவுக்குப் பிறகு வந்த குழப்பம் இது. 2022 முதல் சில ஆண்டுகள் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அதனால் கிறிஸ்மஸ் விடுமுறை ஓரிரு வாரங்களாகச் சுருங்கியது. முடிந்ததும் பிள்ளைகள் அதே வகுப்புக்குத்தான் திரும்பினார்கள். 2025-இல் பள்ளி பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரிலேயே முடிந்தது. 2026-க்கு மீண்டும் பழையபடி ஜனவரித் தொடக்கம் என்றானது. அம்மா அப்பா காலத்து ‘ஆண்டிறுதி விடுமுறை’ திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி நாட்காட்டியில் பினாங்கு ‘பி’ பிரிவு மாநிலம். 2026-க்குப் பள்ளித் திறப்பு ஜனவரி 12, திங்கட்கிழமை. பக்கத்திலிருக்கும் கெடா ‘ஏ’ பிரிவு; அங்கே ஒரு நாள் முன்னதாக ஞாயிற்றுக்கிழமையே பள்ளி. சுங்கைப்பட்டாணி அத்தை பிள்ளைகள் சனிக்கிழமையே மூட்டை கட்டுவது இதனால்தான்.

காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? அம்மா ஏழு மணிக்கே கதவைத் தட்டுகிறார்.

ஏழு மணிக்கு வெளியே எட்டிப் பார்; இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக்கினார்கள். அதனால் டிசம்பரில் பினாங்கில் சூரியன் எழவே ஏழேகால் ஆகிவிடுகிறது. இதை அம்மாவிடம் சொல்லிப் பார். பலன் இருக்காது, ஆனால் உண்மை.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே இரவில் தள்ளிப்போகிறது. அது சோம்பேறித்தனம் ஆகாது. என் கணக்கில் ஒன்பது மணிவரை தூங்குவது நியாயம். பதினொன்று நியாயமில்லை. அதற்குள் வீட்டில் ஒரு சுற்று வேலை முடிந்து, உன்மேல் ஒரு சுற்றுக் கோபமும் சேர்ந்திருக்கும். முதல் நாள் ஒருமுறை பேசி நேரத்தை முடிவு செய்துகொண்டால் மீதி நாட்களில் கதவு தட்டப்படாது.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். ஆண்டு முழுவதும் மணியடித்து நடத்தப்பட்ட பிள்ளைக்கு டிசம்பரிலும் மணியா? நாளில் ஒரே ஒரு வேலை மட்டும் நேரம் தவறாமல் நடக்கட்டும்: மாலை ஆறு மணிக்குப் பந்து விளையாடுவது, பாட்டியைக் காலையில் நடக்க அழைத்துப் போவது, இப்படி எதுவானாலும் சரி. மீதி நேரம் சும்மா கிடந்தாலும் குற்றமில்லை. சும்மா கிடப்பவன்தான் கித்தாரை எடுத்துத் தட்டிப் பார்க்கிறான், பழைய சைக்கிளைக் கழற்றிப் போடுகிறான். திரும்பப் பூட்டுகிறானா என்பது வேறு கதை.

வீட்டு வேலை எல்லாம் என் தலையில்தான். அண்ணன் மட்டும் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். இது நியாயமா?

இல்லை. மகள்கள் மாவு பிசைய, மகன்கள் ‘கனமான பொருள் இருந்தால் கூப்பிடுங்கள்’ என்று சோபாவில் சாய்ந்திருக்கும் வீடுகள் இந்தத் தீவில் நிறைய. டிசம்பர் முழுவதும் கனமான பொருள் எத்தனை வந்துவிடப் போகிறது? குடில் வைக்கும் பலகை ஒன்று, அரிசி மூட்டை ஒன்று. மகனுக்குக் கை இருக்கிறது; பிழிய முறுக்கு உரல் இருக்கிறது. உரலை அழுத்தத் தோள்பலம் வேண்டும் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஆனாலும் மகளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தங்கையே, அழுது கேட்பதைவிடப் பட்டியல் போட்டுக் கேட்பது வேலைக்காகும். டிசம்பர் முதல் வாரத்தில் வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டு: திரைச்சீலை துவைப்பது, ஜன்னல் கம்பி துடைப்பது, பலகாரம், விருந்தாளி அறை, பாத்திரம். எழுதி ஒட்டிய பிறகுதான் ஒரே பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்பது அப்பாவின் கண்ணிலும் படும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘உதவி செய்’ என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்கு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. ‘இந்த நான்கு ஜன்னல், மதியத்துக்குள்’ என்றால் செய்துவிட்டுப் போய்விடுவான்.

அச்சு முறுக்கு சுடும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அச்சிலிருந்து கழலவே மாட்டேன் என்கிறது!

அச்சு புதியதா? அப்படியானால் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊற வை. சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதே. பழைய அச்சுதான் என்றால் சூட்டில் கோளாறு. அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் பிடித்த மாவு கிண்ணத்திலேயே வழுக்கி விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் மாவில் முக்கும் முன் அச்சை மறுபடி எண்ணெயில் காட்டு.

முக்கும்போது அச்சின் முக்கால் உயரம் வரைதான். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் மேலே மூடிக்கொள்ளும். பிறகு கத்தியால் நெம்பினாலும் வராது. சீனி அதிகமானாலும் ஒட்டும். முதல் ஐந்தாறு உடையத்தான் செய்யும். அவை சுடுகிறவருக்குச் சேர வேண்டிய கூலி, தாராளமாகத் தின்னலாம்.

தோழிகளுடன் தனியாக வெளியே போகலாமா? எங்கே போவது?

பகலில், சொல்லிவிட்டு, பஸ்ஸில் போய்வருவதென்றால் பதின்மூன்று பதினான்கு வயதுக்கு அது சரியென்றே நினைக்கிறேன். ஜார்ஜ்டவுனுக்குள் இலவச கேட் பஸ் ஓடுகிறது. 101-ஆம் எண் பஸ் கெர்னி, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். 204 ஆயர் ஈத்தாம் வழியாகப் பினாங்குக் கொடிமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடும். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் ஏற விடுமுறையில் நீண்ட வரிசை நிற்கும். கால் பலமிருந்தால் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடந்தே ஏறலாம். காலை வெயில் ஏறும் முன் தொடங்கு, தண்ணீர் எடுத்துப் போ.

எல்லாருக்கும் கிறிஸ்மஸ் மரம் பார்க்கக் கெர்னிதான் வேண்டும். போய்ப் பார். அங்குள்ள பாராகன் பேரங்காடியின் முற்றத்தில் ஒரு பழைய கட்டடம் நிற்கிறதல்லவா, அது ஒரு காலத்தில் லசால் சபைத் துறவிகளின் பயிற்சி இல்லம். இன்று அதில் உணவகங்கள். படம் எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

பேரங்காடி அலுத்தவர்களுக்கு என் பரிந்துரை படகு. ஜெட்டியிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் பெரியவர்களுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. கார் ஏற்றிய பழைய மஞ்சள் படகின் காற்றும் அழகும் இவற்றில் இல்லை என்று பெரியவர்கள் புலம்புவார்கள், நானும் புலம்புவேன். இருந்தாலும் அந்த விலைக்குக் கடலும் பாலமும் வேறு எங்கே கிடைக்கும்?

ரெடாங் தீவுக்கு நண்பர்களோடு போகத் திட்டம். அப்பா முடியாது என்கிறார். ஏன்?

அப்பா சொல்வது சரி. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் தங்குவிடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். டிசம்பரில் நம் பக்கக் கடல்தான் அமைதி. தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் காட்டுவழி நடந்து கெராச்சுட் கடற்கரைக்குப் போய் வாருங்கள்.

கையில் காசே இல்லை. தோழர்கள் பரிசுப் பரிமாற்றத்துக்கு ஐம்பது வெள்ளி என்கிறார்கள்.

‘இருபதுக்குள் வைப்போமா?’ என்று குழுவில் ஒருவர் எழுதினால் போதும், இன்னும் நான்கு பேர் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். அந்த ஒருவராக நீ இரு. வீட்டில் சுட்ட பலகாரத்தைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு நாடா கட்டிக் கொடுப்பதும் பரிசுதான்.

எனக்குப் பதினைந்து வயது. விடுமுறையில் பகுதி நேர வேலைக்குப் போகலாமா?

போகலாம். 1966-ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டம் பதினைந்து வயது நிரம்பி, பதினெட்டு நிரம்பாதவர்களை ‘இளையோர்’ என்கிறது. அவர்களை வேலைக்கு வைக்கலாம், ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வரைதான். தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஆறு நாட்களுக்கு மேல் கூடாது. இரவு 8 முதல் காலை 6 வரை வேலை வாங்கக் கூடாது. ஆபத்தான வேலைக்கும் வைக்கக் கூடாது.

சம்பளம்: குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி; சிறிய முதலாளிகளுக்கும் சேர்த்து அவ்வாண்டு ஆகஸ்டு முதல். மணிக்கணக்கில் வேலை செய்தால் மணிக்கு 8.72 வெள்ளி. ‘சின்னப் பிள்ளைதானே, ஐந்து வெள்ளி போதும்’ என்கிற கடை வேண்டாம். வேலை நேரத்தையும் சம்பளத்தையும் புலனத்திலாவது எழுதி வாங்கிக்கொள்.

பதினைந்து நிரம்பாதவர்கள்?

குடும்பத்தினர் நடத்தும் கடையில் இலகுவான வேலை செய்யலாம், பதின்மூன்று வயது ஆகியிருந்தால். அப்பாவின் பூமாலைக் கடையில் பூ ஆய்வது இதில் அடங்கும். வெளியே வேலை தேட வேண்டாம்.

கிறிஸ்மஸ் வாரம் கூட்டம் அதிகம் என்று முதலாளி இரவு பத்தரை வரை இருக்கச் சொல்கிறார். கூடுதல் காசும் தருகிறாராம்.

மேலே சொன்ன எட்டு மணி வரம்பு கூடுதல் காசு கொடுத்தால் நீங்கிவிடாது. பதினெட்டு நிரம்பாதவரை இல்லை என்றால் இல்லை. ‘சட்டம் விடவில்லை, பகலில் கூடுதலாக வருகிறேன்’ என்று முகம் சுளிக்காமல் சொல். பகலில் ஏழு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். அவருக்கும் வாரக் கடைசியில் ஆள் வேண்டும். கேட்கவில்லையென்றால் அப்பாவோ அண்ணனோ போய்ப் பேசட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். ஆனால் என் அனுபவத்தில் பெரியவர் ஒருவர் கடைக்குள் நுழைந்ததுமே பெரும்பாலான கணக்குகள் நேராகிவிடும்.

பகல் முழுவதும் கைப்பேசி, இரவிலும் கைப்பேசி. பிடுங்கி வைக்கட்டுமா?

பிடுங்கினால் இரண்டு நாள் வீடு அமைதியாக இருக்கும்; மூன்றாம் நாள் அவன் நண்பன் வீட்டில் இருப்பான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் திண்ணை அதுதான். வகுப்புத் தோழர்கள் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் ஊருக்குப் போயிருக்க, பேச அவர்களுக்கு வேறு வழியில்லை.

எங்கள் வீட்டில் சட்டம் இடத்தைப் பொறுத்தது. சாப்பாட்டு மேசையில் இல்லை, படுக்கையறையில் இரவு இல்லை, மின்னூட்டம் கூடத்தில்தான். முக்கியமாக, இது பெரியவர்களுக்கும் சேர்த்து. அப்பா படுக்கையில் காணொளி பார்த்துக்கொண்டு மகனைத் திட்டினால் எந்தப் பிள்ளையும் கேட்காது, கேட்கவும் வேண்டாம்.

கேரல் பாட வீடு வீடாகப் போவது கட்டாயமா? வெட்கமாக இருக்கிறது.

கட்டாயமில்லை. குரல் உடையும் வயதில் தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று உச்சத்தில் பாடச் சொன்னால் யாருக்குத்தான் கூசாது? பாடாமலும் குழுவில் போகலாம்: கித்தார் தூக்க, தம்புரின் தட்ட, பாட்டுத்தாள் பிடிக்க, வழி சொல்ல, கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட. கடைசியாகச் சொன்னதில் முகமே தெரியாது. ஆனால் இந்த வெக்கையில் அந்தச் சிவப்பு உடைக்குள் வெந்துபோவாய், இப்போதே சொல்லிவிட்டேன்.

ஒரு முறையாவது போய்ப் பார் என்பேன். அடுக்குமாடியில் தனியாக இருக்கும் முதியவர்கள், நம் குழு வரும் என்று மாலையிலிருந்தே கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அவர்கள் தமிழ்ப் பாட்டைத்தான் கேட்பார்கள். அதனால் தமிழில் இரண்டு பாட்டாவது தாள் பார்க்காமல் பாடத் தெரிந்துகொண்டு வாருங்கள், பிள்ளைகளே.

நள்ளிரவுத் திருப்பலியில் தூங்கித் தூங்கி விழுகிறேன். பாவமா?

இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வா. 24-ஆம் தேதி முன்னிரவிலேயே திருப்பலி வைக்கும் ஆலயங்களும் 25 காலையில் வைக்கும் ஆலயங்களும் உண்டு. எது தமிழில், எது ஆங்கிலத்தில் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய ஆலயம். பாட்டி அங்கேதான் போக வேண்டும் என்றால் கூடப் போ. புடவை கட்டிய பாட்டியை அந்தக் கூட்டத்தில் கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும்.

என் நண்பன் முஸ்லிம், இன்னொருத்தி இந்து. இருவரையும் வீட்டு விருந்துக்கு அழைக்கலாமா? என்ன கொடுப்பது?

தாராளமாக அழை. திறந்த இல்ல உபசரிப்பு என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் பழகியது. முஸ்லிம் நண்பனிடம் முதலில் கேள். சிலர் வருவார்கள், சிலர் வீட்டில் விடமாட்டார்கள், இரண்டையும் சாதாரணமாக எடுத்துக்கொள். அவனுக்கு ஹலால் கடையில் வாங்கிய உணவைத் தனியாக, அந்தப் பொட்டலத்தோடேயே வை. தட்டும் கரண்டியும் ஒருமுறை பயன்படுத்திப் போடுபவையாக இருக்கட்டும். கோழியை ஹலால் கடையில் வாங்கி, பன்றிக்கறி சமைத்த சட்டியில் வதக்கிவிட்டு ‘ஹலால்தான்’ என்று சொல்லக் கூடாது. பழக் கேக்கில் ரம் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடு.

இந்துத் தோழிக்கு மாட்டிறைச்சி கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். மறந்துபோவது வேறொன்று: டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடுகிறது. பல வீடுகளில் அந்த மாதம் முழுவதும் சைவம். ஐயப்பனுக்கு மாலை போட்ட அப்பாக்கள், அண்ணன்கள் இருப்பார்கள். இடியாப்பம், தனிச் சட்டியில் சைவக் குருமா, முட்டை சேராத ஒரு பலகாரம், இவை இருந்தால் யாரும் வெறும் ஆரஞ்சுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அச்சு முறுக்கு மாவில் முட்டை உண்டு, நினைவிருக்கட்டும்.

நாங்கள் இந்துக்கள். மகள் வீட்டில் கிறிஸ்மஸ் மரம் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வைக்கலாமா?

மறைக்கல்வி ஆசிரியையிடம் இதைக் கேட்கிறீர்கள்! பேரங்காடியில் பார்க்கிற மரம் யாருக்கும் மதம் சொல்லித் தருவதில்லை. விளக்கும் பளபளப்பும்தான் அவளுக்கு வேண்டும். வைப்பதும் வைக்காததும் உங்கள் வீட்டு விருப்பம். மறுப்பதானால் காரணத்தைச் சொல்லி மறுங்கள். அவளுக்குக் கிறிஸ்தவத் தோழி இருந்தால், அந்த வீட்டுக் குடில் ஜோடனைக்கு ஒரு மாலை நேரம் அவளை அனுப்பிவையுங்கள். வைக்கோலும் ஆட்டுப் பொம்மையும் கையில் கிடைத்தால் மரத்தை மறந்துவிடுவாள்.

கிறிஸ்மஸ் மதிய விருந்தில் மாமா எனக்கும் பியர் ஊற்றுகிறார். பதினாறு வயது. ‘ஆம்பளப் பிள்ளை’ என்கிறார்.

இந்த நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்கக் கூடாது. 2017 டிசம்பருக்கு முன்பு அது 18 ஆக இருந்தது. கடைக்காரன் உனக்குத் தர மாட்டான், மாமா தருகிறார். ‘வேண்டாம் மாமா’ என்று சொல்லிக் குவளையைக் கவிழ்த்து வை. மறுபடி வற்புறுத்தினால் அடுக்களைக்குள் போய் அத்தையிடம் சொல். அதற்கு மேல் நீ எதுவும் செய்ய வேண்டியிராது.

எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) முடிந்துவிட்டது. முடிவு வரும்வரை என்ன செய்வது?

முதலில் ஒரு வாரம் தூங்கு. பிறகு வாகன உரிமம்: மோட்டார் சைக்கிளுக்குப் பதினாறு வயது, காருக்குப் பதினேழு. எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. டிசம்பரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் உன் வகுப்பே நிற்கும், அதனால் சீக்கிரம் பதிந்துகொள். முழுநேர வேலைக்குப் போவதென்றால் பதினெட்டு நிரம்பியதா என்று பார்த்துவிட்டு, மேலே சொன்ன வேலை விதிகளைப் படி. வீட்டில் இணையம் மந்தமென்றால், கல்லூரி விண்ணப்பங்களைத் தேட ஜாலான் ஸ்காட்லண்டில் பினாங்கு மின்னியல் நூலகம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு படிவம் நான்கு. எஸ்.பி.எம்-இல் தமிழ் எடுக்க ஆசை, ஆனால் எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை.

விடுமுறைதான் இதற்கு நேரம். தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடமிருக்கிறது. கீழ்ப்படிவ மாணவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். புலனத்தில் பெயர் திரட்டுங்கள், அப்பா அம்மா கையொப்பத்துடன் கடிதம் எழுதுங்கள், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் கிடைப்பதில் தாமதம் வரலாம். அதுவரை வெளியில் பிரத்தியேக வகுப்பில் படித்துத் தேர்வெழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கடினம்தான். முயலாதே என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சைக் கேட்காதே.

தாத்தா இந்த ஆண்டு இறந்துவிட்டார். வீட்டில் கிறிஸ்மஸ் இல்லை என்கிறார்கள். தம்பி அழுகிறான். நான் என்ன செய்ய?

துக்க ஆண்டில் பலகாரம் சுடாமல், புதுத்துணி எடுக்காமல் இருப்பது நம் வழக்கம். கிறிஸ்தவ வீடுகளிலும் அது தொடர்கிறது. வழக்கத்தை மீறு என்று சொல்ல நான் யார்? ஆனால் ஆலயத்துக்குப் போவதை எந்தத் துக்கமும் தடுப்பதில்லை. குடில் வைப்பதையும் பல வீடுகளில் தடுப்பதில்லை. அம்மாவிடம் தனியாக, அவர் மனம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் கேட்டுப் பார். ‘கொண்டாட வேண்டாம், தம்பிக்காகக் குடில் மட்டும் வைக்கட்டுமா?’ என்று கேட்டால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பலகாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். துக்க வீட்டுக்குச் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் கொண்டுவந்து குவிப்பார்கள். தம்பியை ஒரு நாள் அத்தை வீட்டுக்கு அனுப்பி அங்குள்ள பிள்ளைகளோடு இருக்கவிடு. நீயும் அழுதுகொள்; பெரிய பிள்ளை என்பதற்காக உனக்கு மட்டும் தாத்தா போகவில்லை என்றாகாது.

அப்பா சிங்கப்பூரில் வேலை. கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் வருகிறார். வந்ததும் எல்லாவற்றையும் குறை சொல்கிறார், சண்டை வருகிறது.

இந்தக் கேள்வி பல வீடுகளிலிருந்து, கிட்டத்தட்ட இதே சொற்களில் வருகிறது. பதினொரு மாதம் நீயும் அம்மாவும் நடத்திய வீடு அது. எந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. வந்திறங்கியதும் ‘ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாய், யாரோடு சுற்றுகிறாய்’ என்று அவர் கேட்பது அதிகாரம் போலத் தெரிகிறது. தன் வீட்டில் தானே விருந்தாளியாக நிற்கும் ஒருவர் வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவார் என்றும் யோசித்துப் பார். அவர் பேசுவதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை.

நடைமுறையில் இரண்டு செய்யலாம். அவர் வருவதற்கு முன்பே, எழும் நேரம், வெளியே போகும் நேரம், கைப்பேசிச் சட்டம் இவற்றை அம்மாவோடு பேசி முடிவு செய்து, அம்மா வாயாலேயே அப்பாவிடம் சொல்லவைத்துவிடு. வந்த முதல் நாள் அவரோடு மட்டும் எங்காவது போ: ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் வாங்க, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராத அப்பாக்களுக்குப் பக்கத்தில் நடந்தால் வரும்.

பெற்றோர் இதைப் படித்தால்: பிள்ளையின் குறைகளைச் சுட்டிக்காட்ட முதல் வாரம் உகந்த நேரமில்லை, அப்பா. மதிப்பெண் பேச்சை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் அவன் எத்தனை அங்குலம் வளர்ந்திருக்கிறான் என்று பார்த்து, புதுக் காற்சட்டை எடுக்கக் கடைக்கு அழைத்துப் போங்கள். பள்ளிச் சீருடையும் பத்தாமல் போயிருக்கும்.